சுனைக்குப் பெயர் வைத்தவன்

முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. குடித்தே காட்டை இழந்தவர்கள் எங்கள் மலையில் இருக்கிறார்கள். சீட்டாடி மாட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சும்மா பேசியே ஒரு சுனையை இழக்க வைத்தவன் நான் ஒருவன்தான். அதுவும் என் சுனை இல்லை, என் அக்காவின் ஊர்ச் சுனை.

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு டீக்கடை இருக்கிறது. டீ நன்றாக இருக்காது என்பதை என் வாடிக்கையாளர்களே சொல்வார்கள், அவர்கள் வருவது பேச்சுக்காக. கூட்டம் இல்லாத நேரத்தில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு வழி காட்டப் போவேன். அவர்கள் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வளைவில் எனக்கு வாந்தி வரும். மலையிலேயே பிறந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வளர்ந்த ஒருவன் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வழி சொல்வதைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். சில வீட்டுப் பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து பிளாஸ்டிக் பை எடுத்து நீட்டும்.

அன்றைக்கு அப்படித்தான் ஒரு குடும்பத்தோடு போனேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முந்தின நாள் பெய்த மழையில் அருவியில் தண்ணீர் அதிகம் என்று வழியை அடைத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு தூரம் ஏறி வந்தது உன் டீயைக் குடிக்கத்தானா என்று கேட்டார். மலையைச் சொன்னால் பொறுத்திருப்பேன், டீயைச் சொல்லிவிட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்று அக்கா ஊருக்குக் கூட்டிப்போனேன்.

தார் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் இறங்க வேண்டும். இறங்கினால் ஒரு பாறை. பாறை வயிற்றில் ஒரு பிளவு. அதிலிருந்து தண்ணீர் கசிந்து, அண்டாவைப் புதைத்து வைத்த அளவில் ஒரு குழியில் தேங்கும். அவ்வளவுதான் சுனை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அக்கா ஊரில் யாரைக் கேட்டாலும் தண்ணி என்பார்கள். தண்ணிக்குப் போயிருக்கா, தண்ணிகிட்டப் பார்த்தேன், இப்படித்தான் பேச்சு.

அந்த அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தார். சேலையில் ஒட்டியிருந்த ஊசிப்புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார்.

"இதுல என்னங்க விசேஷம்?"

ஒரு விசேஷமும் இல்லீங்க, குடிக்கிற தண்ணி என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டி வந்திருக்காது.

"இதுக்கு மௌனச் சுனைன்னு பேருங்க. ஒரு வார்த்தை பேசாம மூணு கை அள்ளிக் குடிச்சா, மனசுல நெனச்சது நடந்துருமுங்க."

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. தூங்கும்போதும் பேசுகிறவன் என்று என் மனைவி சொல்வாள், அப்படிப்பட்டவன் வாயில் மௌனம் என்ற சொல் வந்ததே அதிசயம். அந்தக் குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக நின்று, வாயை இறுக்கிக்கொண்டு குடித்தது. அவர்களின் மகள் அதை போனில் படம் பிடித்தாள். போகும்போது அந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, டீயைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மலைக்கே சிறப்புச் சேர்த்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினேன்.

இந்த இடத்தில் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் மலை ஒரு தீவு மாதிரி. சுற்றிலும் கடலுக்குப் பதில் வெயில், அவ்வளவுதான் வித்தியாசம். ரோடு வருவதற்கு முன்னால் கீழேயிருந்து யாரும் வரமாட்டார்கள். மலைக்குப் போனால் காய்ச்சல் வரும், மலைக்காரன் மந்திரம் வைப்பான், மருந்து வைப்பான் என்று பயம். வந்தவர்கள் மிளகு வியாபாரிகள் மட்டும்தான். நாங்கள்தான் இறங்கிப் போவோம். என் அப்பா மிளகு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டு வழியாகச் சேந்தமங்கலம் வரை நடந்தவர். கீழே தண்ணீர் கேட்டால், முதலில் யார் நீ, எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்பார்களாம். பதில் சரியாக இருந்தால்தான் சொம்பு வெளியே வரும். அதுவும் உயரத் தூக்கிக் கையில் ஊற்றுவார்கள். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். என் சிரிப்பு அவரிடமிருந்து வந்த வியாதி.

அதனாலோ என்னவோ, எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சுனையில் தண்ணீர் குடிக்கிறவனை யார் நீ என்று கேட்கக் கூடாது. சுனையில் கை நனைத்து நின்று ஒருவன் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்த தண்ணீரைத் திரும்பக் கேட்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பல் விளக்குகிற மாதிரி, யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம்.

பிறகு ரோடு வந்தது, பஸ் வந்தது. எங்களைப் பார்த்துப் பயந்த அதே ஜனம், காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மேலே வந்தது. வந்தவர்கள் நிலம் கேட்டார்கள். மிளகுத் தோட்டம் காட்டேஜ் ஆயிற்று. நாங்கள் வெட்கப்பட்டு மூடி வைத்துத் தின்ற சாமைச் சோற்றை, வாழை இலையில் வைத்து, வயலின் சத்தம் போட்டுப் பரிமாறினார்கள். அதைச் சமைத்துப் போட்ட எங்கள் பெண்கள் வீட்டுக்கு வந்து ரேஷன் அரிசி வடித்துச் சாப்பிட்டார்கள். நானும் இதைக் கேலி பேசிக்கொண்டே அந்தக் காட்டேஜ்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் கெட்டிக்காரன் என்று பெயர்.

அக்கா ஊர் மட்டும் இதிலிருந்து தப்பியிருந்தது. பார்க்கும்படி அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். ஒரு டஜன் வீடு இருக்கும். அக்காவை அங்கே கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா இறந்து சில வருடம் ஆயிற்று, வீட்டுக்குப் பின்னால் அவர்கள் காட்டிலேயே புதைத்தோம். மகளை முள்ளுக்குறிச்சியில் கொடுத்துவிட்டாள். ரெண்டு மாடு, கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி என்று அக்கா தனியாக இருந்தாள். மகள் வந்து வந்து கூப்பிடுவாள். கீழே வந்துவிடு, குழாயைத் திருகினால் தண்ணீர் என்பாள். அக்கா ஒரே பதில்தான் சொல்வாள். இங்கே தண்ணி இருக்கிற வரைக்கும் நான் எறங்க மாட்டேன் என்பாள். குடம் தூக்க முடிகிற தூரத்தில் சுனை இருந்தது. அதுதான் அவளுடைய மொத்தச் சொத்து.

ஈரோட்டுக்காரர் மகள் போனில் எடுத்த படம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். அடுத்தடுத்த வாரங்களில் மௌனச் சுனை எங்கே இருக்கிறது என்று என் கடையிலேயே வந்து கேட்டார்கள். நானே டீ போட்டுக் கொடுத்து, நானே கூட்டிப்போனேன். கல்யாணம் ஆகாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கேஸ் நடத்துகிறவர்கள், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு குடித்தார்கள். குடித்து முடித்ததும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினார்கள். பாறையில் பெயர் எழுதினார்கள். பாட்டில் போட்டார்கள். ஒரு ஆள் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்தான், பேசாமல்தானே குளித்தேன் என்றான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஊரில் யாரும் யாரையும் விரட்டவும் இல்லை. தண்ணீர் குடிக்க வந்தவனை எப்படி விரட்டுவது. வருகிறவர்கள் காலோடு இறங்கிக் கலக்குகிறார்களே என்று, அக்கா ஒரு பிளாஸ்டிக் சொம்பைக் கொண்டுபோய்ப் பாறைமேல் வைத்தாள். சாயங்காலம் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினாள். நான் போனபோது சாக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நெனச்சது நடக்குமாமே. நீயுந்தான் சின்னதுல இருந்து குடிக்கிற. உனக்கு வண்டி ஓட்ட வந்துச்சா?"

"நான் பேசாம குடிக்கிலயே அக்கா."

"ஆமா. அது உனக்கு வராது."

இப்போது யோசித்தால் அவள் அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அது வேடிக்கையாகப் பட்டது. கடையில் வந்து எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

கூட்டம் போகிற இடத்துக்குப் பின்னாலேயே நிலம் வாங்குகிறவர்கள் போவார்கள். சுனைக்குக் கீழ்ப்புறம் இருந்த காட்டை ஒருவர் வாங்கினார். நாமக்கல் பக்கத்து மனிதர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மரியாதையாகப் பேசுவார், என் டீயைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காத ஒரே ஆள். காட்டேஜ் கட்டினார். கட்டி முடித்ததும் ஊர்க்கவுண்டரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கூட்டிப்போனேன். ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியும். ஆனாலும் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க நான் நடுவில் நின்றேன்.

ஊர்க்கவுண்டர் என்றால் ஊருக்குத் தலைவர், வயசான மனிதர், அக்கா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தார். அன்றைக்குச் சுனைக்கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். காட்டேஜ்காரர் செருப்பைக் கழற்றினார், அதை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். ஈரக் கையோடு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, நம்ம எடத்துக்கு வர்ற சனம் குடிக்க, இதுல கொஞ்சம் தண்ணி விடுவீங்களா?"

கவுண்டர் யோசிக்கவே இல்லை. "தண்ணிக்கு என்னங்க. எடுத்துக்குங்க" என்றார்.

கீழே இருக்கிற ஊராக இருந்தால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எழுதிக்கொடு என்று நூறு கேள்வி வந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது தோன்றவே தோன்றாது. ஈரக் கையோடு ஒருவன் கேட்டுவிட்டான், அவ்வளவுதான். காட்டேஜ்காரருக்கும் அந்த வழக்கம் தெரியாது. இவ்வளவு சுலபமாக ஒரு ஊர் தண்ணீர் கொடுக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். திரும்பி வரும்போது வழியெல்லாம் மலைக்காரர்கள் தங்கமான மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் விரல் மொத்தத்தில் ஒரு கறுப்புக் குழாய் வந்தது. பிளவுக்குள்ளேயே வாயை வைத்து விட்டார்கள். அப்புறம் அதைவிடத் தடித்த குழாய். அப்புறம் மோட்டார். காட்டேஜில் நீல நிற நீச்சல் குளம் ஒன்று வெட்டினார்கள். மலை விளிம்பை ஒட்டி, தண்ணீர் அப்படியே வானத்தில் கலக்கிற மாதிரி தெரியும். கிளிஞ்சல் ஒட்டிய சுவர், ஓலைக் குடை. கடலைப் பார்க்காத என் மாதிரி ஆளுக்கு அதைப் பார்த்ததும் வாய் பிளந்தது. ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்த அக்கா, இதுல எத்தன பேரு குடிப்பாங்க என்று கேட்டாள். குடிக்க இல்லை அக்கா, குளிக்க என்றேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வெயில் காலத்தில் சுனைக்குழி பாதிக்கு இறங்கியது. பிறகு தரை தெரிந்தது. குடத்தைச் சாய்த்துச் சொம்பால் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது, ஒரு குடம் நிறைய ஒரு பொழுது ஆயிற்று. ஊர் கூடியது. நானும் போயிருந்தேன். கொடுத்ததை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருவர் மெதுவாகப் பேச்செடுத்தார். கவுண்டருக்கு முகம் செத்துவிட்டது.

"குடுத்துட்டுத் திருப்பி வாங்குறதாப்பா? தண்ணியவா?"

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக யாருக்கும் படவில்லை. பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து அக்காதான் பேசினாள்.

"அவரு குடிக்கத்தான கேட்டாரு. குளிக்கிறதுக்கா கேட்டாரு? கேட்டதுக்கு மேல எடுக்காதீங்கன்னு சொல்றது, குடுத்தத வாங்குறது ஆகாது. போய்ச் சொல்லட்டும்."

கூட்டம் நிமிர்ந்தது. வழி பிறந்துவிட்டது. யார் போய்ச் சொல்வது என்று பார்த்தார்கள். பேசத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். காட்டேஜ்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார், காபி வந்தது. எனக்குப் பாழாய்ப்போன குணம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் முகம் சுண்டினால் என்னால் தாங்க முடியாது. நீச்சல் குளத்தைக் காட்டி, ஏனுங்க, உங்க விருந்தாளிங்க எல்லாம் ஒட்டகமுங்களா, இவ்வளவு குடிக்கிறாங்க என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எங்க ஊருத் தண்ணி அவ்வளவு ருசிங்க என்றேன். இன்னும் சிரித்தார். அதற்குப் பிறகு நிஜமாகவே சொன்னேன், குழி வற்றிவிட்டது, மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை என்றேன். அதையும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், ஏனென்றால் அதற்குள் நான் யார் என்று முடிவு கட்டிவிட்டார். உங்க பேச்சுக்கே தனியா டிக்கெட் போடலாமுங்க என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று ஊரில் வந்து சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். காபி குடித்தாயா என்று கேட்டாள். குடித்தேன் என்றேன்.

சரி, பேச்சால் வந்த கூட்டத்தைப் பேச்சாலேயே விரட்டுவது என்று அடுத்த திட்டம் போட்டேன். கூட்டம் குறைந்தால் காட்டேஜ் காலியாகும், குளத்துக்குத் தண்ணீர் தேவைப்படாது. என் அறிவுக்கு எட்டிய கணக்கு அது. கடைக்கு வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்தி, சுனையில் இப்போது ஒரு பெண் உருவம் நடமாடுகிறது, குடித்தவர்கள் ரெண்டு பேருக்குப் பேச்சே போய்விட்டது என்று சொல்லத் தொடங்கினேன். எனக்கே ராத்திரி வெளியே போகப் பயமாக இருக்கிற அளவுக்கு ஜோடித்தேன். பலன் என்ன தெரியுமா? முன்பு வேண்டுதலோடு வந்தவர்கள் மட்டும்தான். இப்போது பையன்கள் கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், பேயைப் படம் பிடிக்க. காட்டேஜில் இடம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே ஆசையில் வந்தவர்கள் போதாதென்று பயத்தில் வருகிறவர்களையும் நான் கூட்டிவந்திருந்தேன்.

ஊறியதெல்லாம் குழாயோடு போய், சுனைக்குழி முழுதாக வற்றியது. பிளவில் கை வைத்தால் ஈரம்கூட ஒட்டவில்லை. காட்டேஜ்காரருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். தன் வாசலில் ஒரு குழாய் போட்டு, காலையில் ஊர்க்காரர்கள் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்றார். அவர் கணக்கில் அது தர்மம். ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் நின்றது. அக்காவும் போனாள்.

வாசலில் புதிதாக ஒரு காவலாள். கீழேயிருந்து வந்தவர், யாரையும் தெரியாது. அவர் வேலையை அவர் செய்தார். அக்கா குடத்தைக் குழாயடியில் வைத்தபோது, யாரும்மா நீ, எந்த ஊடு என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற பெண்தான் எனக்குச் சொன்னாள். அக்கா குடத்தை எடுத்தாள். பாதி நிறைந்திருந்ததை அங்கேயே கவிழ்த்துவிட்டு நடந்தாள். மறுபடி அந்த வாசலுக்குப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஓடைக்குப் போனாள். சரிவில் ரொம்ப தூரம் இறங்க வேண்டும், வெயிலில் அங்கேயும் குட்டை குட்டையாகத்தான் கிடக்கும். நான் கேனில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டுக்கும் தருவியா என்றாள். ஒரு மாட்டை விற்றாள். பிறகு இன்னொன்றையும் விற்றாள், விற்ற அன்றைக்குத் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாணி தெளித்து வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். ஊரில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. திருப்பூருக்குச் சிலர், செங்கல் சூளைக்குச் சிலர். ஊர்க்கவுண்டர் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார், போகும்போது யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அக்கா மட்டும் குடத்தோடு ஏறி இறங்கினாள்.

அவள் விழுந்தது எப்போது என்று சரியாகத் தெரியாது. மரவள்ளிக் காட்டுக்குப் போன ஒருவர்தான் சரிவில் பார்த்திருக்கிறார். குடம் கீழே ஓடைவரை உருண்டு போயிருந்தது. நான் ஓடியபோது பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கித் தூக்கிவந்தோம். தூக்குவதற்கு ஊரில் ஆளே இல்லை. பேய் பார்க்க வந்த பையன்கள்தான் தோள் கொடுத்தார்கள், நல்ல பிள்ளைகள். பயம் வந்தால் எனக்கு வாய் ஓடும். ஒன்றுமில்லை அக்கா, ராணி மாதிரி பல்லக்கில் போகிறாய், உனக்கும் ஒரு கதை கட்டிவிடுகிறேன், இனிமேல் உன்னைப் பார்க்கவே கூட்டம் வரும் என்று என்னென்னமோ சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் கம்பளிக்குள்ளிருந்து கண்ணைத் திறந்தாள்.

"இப்பவாச்சும் பேசாம வா, சாமி."

ரோடு வரை பேசாமல் நடந்தேன். என் வாழ்நாளில் அதுதான் நீண்ட மௌனமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே கம்பி வைத்தார்கள். பிறகு மகள் முள்ளுக்குறிச்சிக்குக் கூட்டிப்போனாள். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பதற்கு அவளிடம் என்ன இருந்தது.

மழைக்காலத்தில் ரெண்டு காரியம் நடந்தது. காட்டேஜ்காரர் போர்வெல் போட்டார். துளை போடுகிற வண்டி எப்படித்தான் அத்தனை வளைவும் ஏறி வந்ததோ, எனக்கு வாந்தி வந்திருக்கும், அதற்கு வரவில்லை. ராவும் பகலும் மலை வயிற்றைக் குடைந்து தண்ணீர் கண்டுவிட்டது. இனிமேல் சுனை அவருக்குத் தேவை இல்லை. குழாயைப் பிடுங்கிக்கொண்டு, ஆள் அனுப்பி எனக்கு நன்றி வேறு சொன்னார். அடுத்து, மழை விடாமல் பெய்தது. குழாய் போன பிளவில் மறுபடி தண்ணீர் கசிந்தது. ஒருநாள் போய்ப் பார்த்தேன். குழி விளிம்புவரை நிறைந்து, பாறைமேல் வழிந்துகொண்டிருந்தது. அதைக் குடிக்க அந்த ஊரில் ஆள் இல்லை, ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பூட்டிய கதவுகளுக்கு முன்னால் கோழிக்கொண்டைப் பூ முளைத்துக் கிடந்தது.

மறுநாளே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறி முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். வரிசை வீடுகளில் ஒன்று, தகரக் கூரை. மலையிலிருந்து இறங்கியவனுக்கு அந்த வெக்கை முகத்தில் அறைந்தது. அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஊன்றுகோல். அக்கா இளைத்திருந்தாள். குழாய் வாசலிலேயே இருந்தது, சொட்டிக்கொண்டிருந்த அதன் அடியில் ஒரு பக்கெட்.

காட்டேஜ்காரர் போர் போட்டது, குழாயைப் பிடுங்கியது, சுனை வழிவது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. உன் வீட்டுக்கு ஓடு மாற்றித் தருகிறேன் என்றேன். சுனைக்குப் போக நானே படி வெட்டித் தருகிறேன் என்றேன். என் வீட்டு மாடு ஒன்று சினையாக இருக்கிறது, கன்று உனக்குத்தான் என்றேன். நானும் என் மனைவியும் வந்து உன்னோடு இருக்கிறோம், ஒரு வீட்டில் புகை வந்தால் மற்றவர்களும் திரும்பி வருவார்கள் என்றேன். மாமா கிடக்கிற இடத்தில் புல் மண்டிவிட்டது, செதுக்க வேண்டும் என்றேன். அத்தனையும் மனசாரச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தால் மனசாரச் சொல்வதும் எப்படி இருக்கும் என்பது எனக்கே தெரியும், அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் காலைக் கொஞ்சம் நீட்டி, கையால் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தாள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றிப் போய், ஒரு டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். குடித்தேன். உப்புத் தண்ணீர். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்ப வார அக்கா? சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

ரோட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"மலைக்குப் போற பஸ்சு வந்துரும், நீ கெளம்பு."